வார்டு போஸ்டிங்கில் நல்ல மார்க்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தியரியில் எப்போதும் முதல் சில பேரில் ஒருவன் நான். வார்டில் மட்டும் சராசரி மார்க்தான் வருகிறது. எங்கே தவறு?

படிப்பில் தவறு இல்லை, மருத்துவ மாணவர்கள் நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்து பழகும் வார்டு போஸ்டிங்கில் அளக்கிற கோல்தான் மாறிவிட்டது. ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் 1990-ல் ஒரு பிரமிடு வரைந்தார். அடியில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படிச் செய்வது என்று தெரியும்', பிறகு 'செய்து காட்டுகிறார்', உச்சியில் 'அன்றாட வேலையில் செய்கிறார்'. எழுத்துத் தேர்வு கீழே இருக்கும் இரண்டைத்தான் தொடும், வார்டில் உங்களைப் பார்ப்பது மேலே இருக்கும் இரண்டுக்காக.

இதய செயலிழப்போடு ஒருவர் படுத்திருக்கிறார், உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்யூரோசமைடு ஊசி போகிறது என்று வையுங்கள். இதய செயலிழப்புக்கான பத்து காரணங்களை நீங்கள் ஒப்பித்துவிடலாம், ஆனால் மூத்த மருத்துவர் கட்டில் கட்டிலாகப் பார்த்துவரும் ரவுண்ட்ஸில் கேட்பது அது இல்லை. நேற்றைவிட எடை எவ்வளவு குறைந்தது, இரவில் சிறுநீர் எவ்வளவு போனது, பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இறங்கிவிட்டதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறுகிறதா, மூச்சு முட்டாமல் இருக்க நேற்று எத்தனை தலையணை வைத்துத் தூங்கினார் என்றுதான் கேட்பார்கள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரவுண்ட்ஸுக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய், இரவு டியூட்டி நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டு, நோயாளியோடு பேசி, நீங்களே ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். இருபது பேரைப் பாதி தெரிந்து வைத்திருப்பதைவிட, உங்களுக்குக் கொடுத்த இரண்டு மூன்று பேரை அந்த வார்டிலேயே மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பது மேல்.

கேஸ் பிரசென்ட் செய்யும்போது பாதியிலேயே 'சரி, மேலே சொல்' என்று நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது?

கேட்பவருக்கு இந்தக் கதை எங்கே போகிறது என்று புரியவில்லை, அதனால்தான் நிறுத்துகிறார். முதல் வாக்கியத்திலேயே பாதை தெரிய வேண்டும்: '62 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை நோய், மூன்று நாளாகக் காய்ச்சலும் வலது காலில் வீக்கமும்.' இதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் ஒவ்வொரு விவரமும் அந்தக் கால் வீக்கத்தைப் பற்றிய சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இரண்டையும் செய்யாததை உங்கள் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் சொல்லலாம்.

அப்புறம், என் அனுபவத்தில் மார்க் அதிகம் போகிற இடம் ஒன்று உண்டு. லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-களில் கொண்டுவந்த முறையிலிருந்து வந்த 'சோப்' (SOAP) குறிப்பை எல்லோரும் எழுதுகிறோம்: நோயாளி சொன்னது, நாம் கண்டது, நம் கணிப்பு, அடுத்த திட்டம். மாணவர்கள் முதல் இரண்டையும் அழகாகச் சொல்லிவிட்டு மூத்த மருத்துவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அங்கே நிற்காதீர்கள். 'தோலடித் தொற்றான செல்லுலைட்டிஸ் என்று நினைக்கிறேன், சிவந்து சூடாக இருக்கிறது, விரலிடுக்கில் வெடிப்பும் இருக்கிறது. ஆழ்சிரை ரத்த உறைவையும் ஒதுக்கிவிட முடியாது, டாப்ளர் ஸ்கேன் எடுக்கலாம். உள்ளே திசு அழுகும் தொற்றாக இருக்குமோ என்று, வலி வெளியே தெரிவதற்குப் பொருந்தாத அளவு அதிகமாக இருக்கிறதா என்று பார்த்தேன், அப்படி இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். கணிப்பு தவறாகவே இருக்கட்டும், காரணத்தோடு சொன்னால் அது மருத்துவர் யோசிக்கிற மாதிரி இருக்கும். கணிப்பே சொல்லாதவருக்கு மார்க் போட எனக்குக் கை வருவதில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் சமாளிக்கலாமா?

வேண்டாம். 'தெரியவில்லை, படித்துவிட்டு வருகிறேன்' என்று சொல்லுங்கள், மறுநாள் காலையில் யாரும் கேட்காமலேயே ஒரு நிமிடத்தில் அந்தப் பதிலைச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் பாடம் தெரியாதது வேறு, செய்யாத பரிசோதனையைச் செய்ததாகச் சொல்வது வேறு. ஒரு மாணவர் என்னிடம் 'நுரையீரல் இரண்டு பக்கமும் தெளிவாக இருக்கிறது' என்றார், நான் போய்த் தட்டிப் பார்த்தால் வலது அடிப்பகுதி முழுக்கக் கல்லைத் தட்டுகிற மாதிரி மந்தம், உள்ளே நீர் கோத்திருந்தது. கண்டுபிடிக்கத் தெரியாமல் விட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன், அவர் ஸ்டெதாஸ்கோப்பே வைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டியிருந்தது. 'இன்னும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கவில்லை, இப்போதே கேட்டுவிட்டு வருகிறேன்' என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நம்முடைய ஒரு வரியை நம்பித்தான் அடுத்தவர் மருந்து எழுதுகிறார், இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறுவை சிகிச்சை போஸ்டிங்கில் ஓரமாக நிற்கத்தானே விடுகிறார்கள், மார்க் எப்படி வாங்குவது?

முந்தின நாளே மறுநாள் பட்டியலைப் பாருங்கள். பித்தப்பை அறுவை என்றால், பித்தப்பையின் குழாயும் ரத்தக் குழாயும் இருக்கும் கேலோ முக்கோணம் என்ற பகுதியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள், அதையும் இந்த நோயாளிக்கு ஏன் இப்போது அறுவை என்பதையும் படித்துவிட்டுப் போங்கள். கை கழுவி உள்ளே வந்தபின் கைகள் இடுப்புக்கு மேலேயே இருக்கட்டும், கிருமி நீக்காத எதிலாவது பட்டுவிட்டால் யாரும் பார்க்காவிட்டாலும் உடனே சொல்லிவிடுங்கள். முடிச்சுப் போடுவதை வீட்டில் நூலில் பழகலாம்.

நான் அதிகம் பேசமாட்டேன். கலகலப்பாகப் பேசுகிறவர்களுக்கே மார்க் போகிறது என்று தோன்றுகிறது.

உங்கள் வருத்தத்தில் உண்மை இருக்கிறது. ஒரே மாணவரை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாக எடைபோடுவது உண்டு. ரொனால்ட் ஹார்டன் என்ற மருத்துவக் கல்வியாளரும் அவர் குழுவும் 1975-ல், எல்லா மாணவர்களும் ஒரே செய்முறைச் சோதனைகளை வரிசையாகச் செய்துகாட்டும் 'ஆஸ்கி' (OSCE) தேர்வைக் கொண்டுவந்ததற்கு இந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் ஒரு நோக்கம். ஆனாலும் வார்டு மதிப்பீட்டில் மனிதத் தீர்ப்பு இருந்துகொண்டேதான் இருக்கும்.

நீங்கள் சத்தமாக மாற வேண்டியதில்லை. போஸ்டிங் பாதி முடிந்ததும் தனியாகப் போய்க் கேளுங்கள், ஆனால் 'நான் எப்படிச் செய்கிறேன்?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்ற பதில்தான் வரும். 'என் பிரசென்டேஷனில் ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். அதை அந்த வாரமே மாற்றிக் காட்டுங்கள். முதல் வாரத்தைவிடக் கடைசி வாரம் தேறியிருக்கிறார் என்று தெரிந்தால் அது மதிப்பீட்டுத் தாளில் வரும்.

வார்டு முடிந்து வந்ததும் தூக்கம்தான் வருகிறது. போஸ்டிங் முடிவில் வரும் தேர்வுக்கு எப்போது படிப்பது?

அன்று பார்த்த நோயாளியின் நோயை அன்றைக்கே அரை மணி நேரம் படியுங்கள், முகத்தோடு சேர்த்துப் படித்தது மறக்காது. முதல் நாளிலிருந்தே தினம் பத்துப் பதினைந்து கேள்விகள் போட்டுப் பாருங்கள், தவறானவற்றை வார இறுதியில் மறுபடி போடுங்கள். கடைசி வாரத்தில் மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அந்த வாரம் பார்த்துத்தான் இரவு டியூட்டி வரும். தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள், காலையில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் விழிப்போடு நிற்க வேண்டும்.