காய்கறியும் கடற்பாசியும் சேர்த்து வீட்டில் கட்லெட் செய்தால் உதிர்ந்துபோகிறது, கடல் வாடையும் தூக்கலாக இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். மாவு போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் கொட்டினால் கட்லெட் நிற்கும், ஆனால் மாவுக் கட்டியைத் தின்பதுபோல் இருக்கும். காய்க்குள் இருக்கும் ஈரத்தை முதலிலேயே வெளியேற்றிவிட்டால் மாவு மிகக் கொஞ்சமே போதும்.

நான் எடுக்கும் அளவு: உருளைக்கிழங்கு 300 கிராம், துருவிய கேரட் 100 கிராம், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் 100 கிராம், ஒரு சிறிய வெங்காயம், வக்காமே என்ற உலர்ந்த கடற்பாசி 5 கிராம். எட்டு கட்லெட் வரும்.

உருளைக்கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவையுங்கள். வெட்டி வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துவிடும். சூட்டிலேயே உரித்து மசித்து, தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள். அளவுக்கு மீறி மசித்தால் பசைபோல் ஆகிவிடும், மிக்ஸி பக்கமே போக வேண்டாம். கேரட், கோஸ், வெங்காயத்தில் அரை டீஸ்பூன் உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். இறங்கும் தண்ணீரைப் பார்த்தாலே கட்லெட் ஏன் உடைகிறது என்று புரிந்துவிடும்.

கடற்பாசி என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. ஜெல்லிக்குப் போடும் அகர் அகர் இதற்கு உதவாது. வக்காமே என்றால் குளிர்ந்த நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும், பல மடங்கு ஊதிவிடும். அதனால்தான் 5 கிராம் என்றேன். கண்ணளவில் அள்ளிப் போட்டால் வாடை தூக்கத்தான் செய்யும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு நன்றாகப் பிழிந்து, மிகப் பொடியாக நறுக்குங்கள். இதில் சோம்பல் கூடாது. நீளமான இழைகள் வழுவழுப்பாக இருப்பதால் மாவு அவற்றில் ஒட்டாது, கட்லெட் சரியாக அந்த இடத்தில்தான் பிளக்கும். நோரித் தாள் (சுஷி சுற்றும் கடற்பாசித் தாள்) என்றால் ஊறவைக்கவே கூடாது. வெறும் வாணலியில் சில நொடி வாட்டி, நொறுக்கி, கடைசியில் சேர்த்தால் போதும். முதல்முறை செய்பவர்களுக்கு நான் நோரியைத்தான் சொல்வேன், வாடை மிதமாக இருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்து இஞ்சி, மிளகு, நான்கு மேசைக்கரண்டி ரொட்டித்தூள் போட்டுப் பிசையுங்கள். கடலை மாவும் சரிதான். காயிலும் கடற்பாசியிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதால் ருசி பார்த்தபிறகே உப்பு சேருங்கள். எலுமிச்சைச் சாற்றைக் கலவையில் விடாமல் சாப்பிடும்போது பிழிந்துகொள்ளுங்கள். மிச்ச வாடைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆறும்போது கிழங்கின் மாவுச்சத்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு மிதமான தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். அடிப்பக்கம் பொன்னிறமாகி, தானாகக் கல்லை விட்டு வரும்வரை கரண்டியால் தொடாதீர்கள். ஒரே தடவை திருப்பினால் போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வக்காமேக்குப் பதில் கொம்பு (kombu) என்ற தடித்த கடற்பாசியை அதே அளவு போட்டுவிடாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம்தான். உலர்ந்த கொம்பு ஒரு கிராமிலேயே அதைப்போலப் பல மடங்கு இருக்கலாம். தைராய்டு தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஹிஜிக்கி என்ற கறுப்பு வகையில் ஆர்செனிக் அதிகம். அதைச் சாப்பிட வேண்டாம் என்றே பிரிட்டனின் உணவுத் தர முகமை சொல்கிறது. நானும் வீட்டுக்குள் விடுவதில்லை.

மீந்தால் பொரிக்காமல் தட்டிய நிலையிலேயே தட்டில் தனித்தனியாக அடுக்கி உறையவைக்கலாம். எடுத்ததும் அப்படியே சிறுதீயில் போடுங்கள். வெளியே வைத்து இளக விட்டால் மறுபடி தண்ணீர் விட்டுக்கொள்ளும்.