கால் ஓரிடம், நாக்கு வேறிடம்

கேள்வி: புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு) பாடகர்கள் தாளத்துக்குப் பிந்திப் பாடுவது போலவே கேட்கிறதே, தாளம் தெரியாதா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: நல்லாத் தெரியும் தங்கச்சி, வேண்டுமென்றே செய்கிறார்கள். காலால் நாலு தட்டுத் தட்டிக்கொண்டு 'விடிஞ்சா மழை வரும்' என்று பாடிப் பாருங்கள். முதல் தட்டோடு தொடங்க வேண்டாம். அதற்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எடுங்கள். அழுத்தம் தட்டு விழாத இடத்தில் விழும். நம் கர்நாடக இசையில் இதற்கு அனாகத எடுப்பு என்று பெயர், அதாவது தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுப்பது. ஆனால் அங்கே பாட்டை எடுக்கும் இடம் முன்கூட்டியே குறித்தது. புளூஸில் ஒவ்வொரு வரியிலும் பாடகர் இடத்தை மாற்றுவார். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் பெரும்பாலும் மூன்று துண்டு, ஏறக்குறைய நம் திஸ்ர (மூன்று மூன்றாகப் போகும்) நடை.

பிந்த இடம் எங்கே கிடைக்கிறது? வழமையான அமைப்பு 12 பார் (bar, ஒரு தாளச் சுற்று), பாருக்கு நாலு தட்டு, மொத்தம் 48. வரி மூன்று, இரண்டாவது முதல் வரியேதான். ஒரு வரிக்கு 16 தட்டு இருந்தாலும் பாட்டு ஏறக்குறையப் பாதியில் முடிந்துவிடும். மிச்சத்தில் கிற்றார் பதில் சொல்லும். கூத்தில் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவாரே, அதுபோல.

1925இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிய 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' கேளுங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கோர்னெட் (சின்ன ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) பதில் சொல்ல, பின்னணியில் நீட்டி ஒலிப்பது ஆர்மோனியம்!

கிற்றாரோடு பாடும் புளூஸ்காரர் ஜான் லீ ஹூக்கரோ, தனியே வாசித்த பதிவுகளில் அந்த 12 பார் கணக்கையும் மதிப்பதில்லை. கல்லடி வீட்டில் அவர் பாட்டுக்கு மத்தளம் தட்டப் பார்த்தேன். மூன்றாம் வரிக்குள் நான் எங்கேயோ, அவர் எங்கேயோ.