சாளக்கிராமத்துக்குள் ஒரு கடல்: நிலத்தட்டுகள் பற்றி வாசகர் கேள்விகள்

இமயமலை பற்றி நான் பேசிய ஒரு கூட்டத்துக்குப் பிறகு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். நிலத்தட்டு என்ற சொல் அடிக்கடி வரும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூமியின் மேலோடும் அதற்கு அடியிலுள்ள கெட்டியான பாறையும் சேர்ந்து, சுமார் 100 கிலோமீட்டர் தடிமனில், துண்டு துண்டாக இருக்கின்றன. அந்தத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு நிலத்தட்டு. பெரிய துண்டுகள் ஏழு, சின்னவை பல. இரண்டு துண்டுகள் எந்தத் திசையில் உரசிக்கொள்கின்றன என்பதை மட்டும் கவனித்தால் போதும், பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டுப் பூஜையில் நாலு தலைமுறையாகச் சாளக்கிராமம் இருக்கிறது. அது கடல் பிராணியின் தடம் என்கிறான் பேரன். மலையில் கிடைக்கும் கல்லுக்குள் கடல் எப்படி வந்தது? – கும்பகோணம் வாசகி

பேரன் சொல்வது சரிதான் அம்மா. கல்லில் வாய் திறந்தாற்போல் இருக்கும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சக்கரம் தெரியும். சுருளுக்குள் சுருள், ஒவ்வொரு சுருளிலும் சீப்புப் பல் போல வரிகள். அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு பதிந்த தடம் அது. கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் செத்துக் கடலடிச் சேற்றில் புதைந்தது, சுற்றியிருந்த சேறு இறுகிக் கல்லானது.

முக்திநாத் போனபோது காகபேனி பக்கம் நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றின் படுகையில் நடந்திருக்கிறேன். கடல் மட்டத்துக்கு மேல் 2,800 மீட்டர். சாம்பல் மணல், மத்தியானம் ஆனால் ஆளைத் தள்ளும் காற்று, காலடியில் கறுப்பு உருண்டைகள். உள்ளூர்ப் பையன் ஒருவன் ஓர் உருண்டையைச் சுத்தியலால் தட்டினான். இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியில் சுருள் மேடாக, மறு பாதியில் அதே சுருள் பள்ளமாக இருந்தது. அன்று என் கை நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை.

அந்த உயிரி வாழ்ந்தது இந்தியாவின் வடகரைக் கடலில். அப்போது இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகாவோடு ஒட்டிக்கிடந்தது. அப்புறம் பிரிந்து வடக்கே நகர்ந்தது. இடையில் இருந்த டெத்திஸ் கடலின் தரை ஆசியாவின் அடியில் புகுந்து காணாமல் போனது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலமும் நிலமும் முட்டின. இரண்டுமே கனம் குறைந்த பாறை என்பதால் எதுவும் லேசில் அடியில் போகாது. பாயை இரண்டு பக்கமிருந்தும் தள்ளினால் நடுவில் மடிந்து எழுமே, அப்படித்தான் கடல் தரையில் படிந்தவை எல்லாம் மடிந்து மேலேறின. 8,848 மீட்டர் உயரத்தில் இருக்கும் எவரெஸ்ட் உச்சியே கடலில் படிந்த சுண்ணாம்புக் கல்தான்.

தள்ளுமுள்ளு இன்னும் நிற்கவில்லை. இந்தியத் தட்டு ஆண்டுக்கு 4, 5 சென்டிமீட்டர் வடக்கே போகிறது. விரல் நகம் வளர்வது ஏறக்குறைய அந்த வேகத்தில்தான். இமயத்தின் அடிவாரம் இதற்குச் சீராக இடம் கொடுப்பதில்லை. பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள்கூடப் பூட்டிக்கொண்டு நிற்கும். பிறகு நிலநடுக்கமாக ஒரே நிமிடத்தில் பாக்கி முழுவதையும் தீர்க்கும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நடந்தது அதுதான். காத்மாண்டு பள்ளத்தாக்கு தெற்கே ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்து, ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்தும் போனது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள்.

பூமிக்குள் தீக்குழம்பு இருக்கிறது, அதன்மேல் தட்டுகள் தோணி மாதிரி மிதக்கின்றன என்று படித்தேன். சரியா? – பத்தாம் வகுப்பு மாணவர், நாமக்கல்

இல்லை. தட்டுகளுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது பாறைதான், குழம்பு அல்ல. நிலநடுக்க அலைகளில் ஒரு வகை திரவத்துக்குள் போகாது. அந்த அலை இந்தப் பாறைக்குள் தாராளமாகப் போகிறது. பிறகு எப்படி நகர்கிறது என்கிறீர்களா? கொல்லர் பட்டறையில் சிவக்கக் காய்ந்த இரும்பைப் பாருங்கள். உருகவில்லை, ஆனாலும் அடித்தால் வளைகிறது. ஆழத்துப் பாறையும் அப்படி, லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல வளைந்து நகரும்.

தட்டை இழுப்பது யார் என்பது அடுத்த கேள்வி. கொடியில் ஈர வேட்டியைப் போடும்போது ஒரு பக்கம் அதிகம் தொங்கிவிட்டால், அந்தக் கனமே மீதியையும் இழுத்துக்கொண்டு சரியும். பழையதாகிக் குளிர்ந்து கனத்த கடல் தரை ஒரு முனையில் பூமிக்குள் இறங்கும்போது, தட்டு முழுவதையும் அப்படித்தான் இழுக்கிறது. இந்த நகர்வில் பெரும்பங்கு அந்த இழுப்புக்குத்தான்.

2012 ஏப்ரல் 11 மத்தியானம் சென்னையில் அலுவலகத்தை விட்டு ஓடினோம். நிலநடுக்கம், அளவு 8.6 என்றார்கள். 2004-இல் 9.1. அரைப் புள்ளிதானே வித்தியாசம்? அன்று ஏன் சுனாமி வரவில்லை? – பெருங்குடி வாசகர்

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதற்குச் சரியாகப் பதில் சொன்னால் தட்டு விளிம்புகளைப் பற்றி வேறு பாடமே வேண்டாம்.

முதலில் அரைப் புள்ளி. இந்த அளவுகோலில் அது ஐந்து மடங்குக்கு மேல் ஆற்றல் வித்தியாசம். ஆனால் உங்கள் உயிரைக் காத்தது அதைவிட, திசைதான்.

2004 டிசம்பர் 26. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை நீளும் ஆழ்கடல் அகழியில் இந்தியத் தட்டு கிழக்கேயுள்ள தட்டின் அடியில் இறங்குகிறது. இறங்கும்போது மேல் தட்டின் விளிம்பையும் கவ்விக் கீழே இழுத்துக்கொண்டே போகும். கையால் அழுத்திப் பிடித்த மூங்கில் பத்தை மாதிரி அந்த விளிம்பு வளைந்து நிற்கும். அன்று காலை ஆறரை மணிக்குப் பிடி விட்டது. அறுந்த நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகும் தூரம் அது. கடல் தரை சில மீட்டர் மேலே எகிறியது, அதன் மேலிருந்த தண்ணீர் முழுவதும் சேர்ந்து எழுந்தது. ஒன்பது மணியை ஒட்டி நம் கரைக்கு வந்தது அந்தத் தண்ணீர்தான். நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு மேற்கொண்டு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

நிலமும் அன்று மாறிப்போனது. வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப் பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்து வெயிலில் வெளுத்தன. நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனையோ நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கம் கடலில் நின்றது. வளைந்த பத்தை நிமிரும்போது ஒரு பக்கம் எழும், ஒரு பக்கம் தாழும்.

2012-இல் நடந்தது அகழியில் அல்ல, அதற்கு மேற்கே, தட்டின் உள்ளேயே. பாறை பக்கவாட்டில் நழுவியது. இரண்டு செங்கற்களை உரசி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், மேல்பரப்பு மட்டமாகவே இருக்கும். கடல் தரை பெரிதாக உயரவில்லை, அதனால் தண்ணீருக்கும் தள்ளு கிடைக்கவில்லை. பக்கவாட்டில் நழுவியவற்றில் கருவிகள் பதிவு செய்த மிகப் பெரிய நிலநடுக்கம் அதுதான். அப்படியும் வந்தது சிறிய அலைகள் மட்டுமே.

அன்று ஓடியது சரியான காரியம். நில அதிர்வை உணரும்போது அது எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. கடற்கரையில் இருந்தால் உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள், அப்புறம் விசாரிக்கலாம்.

கலிபோர்னியா ஒருநாள் கடலில் விழுந்துவிடுமாமே? மகள் அங்கே இருக்கிறாள். – திருச்சி வாசகர்

விழாது. அங்கே ஓடும் சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலப்பிளவும் பக்கவாட்டில் நகர்வதுதான். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது நேராக ஓடிய வேலி ஒன்று அறுந்து இரண்டரை மீட்டர் தள்ளி நின்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் மெல்ல வடமேற்கே போகிறது. ஒன்றரைக் கோடி ஆண்டு போனால் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து ஊராகிவிடும். நிலநடுக்கம் நிச்சயம் வரும். கனமான அலமாரிகளைச் சுவரோடு திருகி வைக்கச் சொல்லுங்கள்.

அந்தமான் பக்கம் எரிமலை இருக்கிறது. இமயமலையில் ஏன் இல்லை? – மதுரை வாசகி

பாரன் தீவைச் சொல்கிறீர்கள். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர், இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. அங்கே அடியில் இறங்குவது கடல் தரை. ஈரத்தோடு இறங்குகிறது. நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் பாறையிலிருந்து பிழிந்து மேலே ஏறுகிறது. நீர் கலந்தால் பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகியது மேலே வந்தால் எரிமலை. சுமத்ரா, ஜாவா எரிமலைகளின் கதையும் இதேதான்.

இமயத்தில் முட்டுவது நிலமும் நிலமும். அப்படி நீர் சுமந்து இறங்கும் கடல் தரை அங்கே தீர்ந்துவிட்டது. ஆனால் டெத்திஸ் கடல் இருந்த காலத்தில் அங்கும் எரிமலைகள் இருந்தன. லடாக்கில் லே நகருக்குப் பின்னால் எழும் கிரானைட் மலைகள் அவற்றுக்கு அடியில் உறைந்த குழம்புதான்.

ஐஸ்லாந்து நடுவில் பிளந்து புது நிலம் உண்டாகிறதாம். அப்படியானால் பூமி பெருக்கிறதா? – கொழும்பு வாசகர்

இல்லை. ஐஸ்லாந்து ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் விரிகிறது. உலகக் கடல்களுக்கு அடியில் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இதே போன்ற முகடுகள் ஓடுகின்றன. அங்கே பிறக்கிற அளவு அகழிகளில் உள்ளே போய்விடுகிறது. வரவும் செலவும் சரி. அதனால்தான் கடல் தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேல் பழைய பாறை கிடைப்பது மிக அரிது. கண்டங்களிலோ 400 கோடி ஆண்டுப் பாறைகூட இருக்கிறது.

குமரிக்கண்டம் தட்டு நகர்ந்து மூழ்கியதா? நேரடியாகச் சொல்லுங்கள். – நாகர்கோவில் வாசகர்

நேரடியாகவே சொல்கிறேன். கண்டம் அளவுக்கு ஒரு நிலம் மனிதர் வாழ்ந்த காலத்தில் இந்தியப் பெருங்கடலில் மூழ்கவில்லை. கண்டப் பாறை ஒரு லிட்டர் அளவு வெட்டினால் 2.7 கிலோ, கடல் தரைப் பாறை 3 கிலோ. கனம் குறைந்தது மேலேயே நிற்கும். குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் இருப்பது கனத்த கடல் பாறை, மூழ்கிய கண்டம் அல்ல.

குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்ற பெயர் 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தது. குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான லெமூர்களும் அவற்றின் இனத்தைச் சேர்ந்தவையும் மடகாஸ்கர், இந்தியா என்று கடல் தாண்டி எப்படி இருக்கின்றன என்று அவருக்குப் புரியவில்லை, நடுவில் ஒரு நிலம் இருந்திருக்கும் என்று எண்ணினார். கண்டங்களே நகர்கின்றன என்பது அன்று யாருக்கும் தெரியாது. இரண்டு நிலங்களும் ஒட்டியிருந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. அந்தப் பிரிவில் உடைந்த விளிம்பின் மிச்சம்தான் மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்து முகம்.

ஆனால் நம் முன்னோர் சொன்ன கடல்கோள் வெறும் கற்பனை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். உங்கள் ஊர் மீனவர்கள் போகும் வாட்ஜ் பேங்க் என்ற கடலடி மேட்டின் ஆழம் குறைந்த இடங்கள் தரையாக இருந்தன. பனி உருகிக் கடல் ஏறியது, கரையோர நிலம் போனது. தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த இழப்பு உண்மையானது.

கோவையில் வீடு கட்டுகிறேன். நாம் தட்டின் நடுவில்தானே இருக்கிறோம், நிலநடுக்கம் பற்றிக் கவலை வேண்டாம்தானே? – கோவை வாசகர்

கவலை வேண்டாம், கவனம் வேண்டும். வடக்கே இமயத்தில் முட்டும் அழுத்தம் தட்டு முழுவதும் பரவுகிறது. உள்ளே எங்காவது பழைய பிளவு இருந்தால் அது எப்போதாவது அசையும். உங்கள் கோவைப் பக்கமே 1900 பிப்ரவரியில் 6 அளவை ஒட்டி ஒன்று வந்திருக்கிறது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் வந்தது 6.2 மட்டுமே. இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். மண்சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர், அதன் மேல் கனமான மண் கூரை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அது இறங்கியது.

உங்கள் கொத்தனாரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். லிண்டல் பெல்ட் என்ற கான்கிரீட் பட்டை ஜன்னல், கதவுக்கு மேலே மட்டும் நிற்காமல் எல்லாச் சுவரிலும் சுற்றி வருகிறதா? மூலைகளில் கம்பி மடங்கி அடுத்த சுவருக்குள் போகிறதா? கான்கிரீட் போடுவதற்கு முன்பே போய் நின்று பார்த்துவிடுங்கள். போட்ட பிறகு பார்க்க முடியாது.