காரைக்குடிப் பக்கம் பிறந்தவர் நிலவியல் ஆய்வை எங்கிருந்து தொடங்கலாம்?

தேவகோட்டை அருகே வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். புதைபடிவம், மலை, குகை என்று நிலவியலாளர்கள் ஆராய்வதைப் படிக்கும்போது தமக்கும் ஆசை வருவதாகவும், ஆனால் தம் ஊரைச் சுற்றிச் செம்மண்ணும் பொட்டலும் கண்மாயும் தவிர வேறொன்றும் இல்லை என்றும், இங்கிருந்துகொண்டு இந்தத் துறையில் எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா என்றும் கேட்கிறார்.

முடியும். நிலத்தடி நீர் ஆய்வுக்காகப் பல ஆண்டுகளாகச் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் அலைந்துகொண்டிருக்கும் எனக்கு, நிலவியல் கற்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்றே தோன்றுகிறது. செட்டிநாடு ஒரு பெரிய எல்லைக்கோட்டின் மேல் அமைந்திருக்கிறது. மேற்கே குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் என்று தரைக்கு மேல் தலைகாட்டி நிற்கும் மிகப் பழைய கெட்டிப்பாறை, கிழக்கே காரைக்குடி, தேவகோட்டை பக்கம் போகப் போக மண்ணுக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. அதன் மேல் மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்து, கடற்கரையை நெருங்க நெருங்கத் தடித்துக்கொண்டே போகின்றன. இந்த எல்லை தரையில் கோடு போட்டதுபோல் தெரியாது என்பதால்தான் நம் பக்கம் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது.

அந்த எல்லையைப் பார்ப்பதற்கு எளிய வழி, போர் (ஆழ்துளைக் கிணறு) போடும் இடத்தில் போய் நிற்பது. குன்றக்குடிப் பக்கம் போர் போடும்போது, மேலே இருக்கும் மண்ணும் உளுத்த பாறையும் சரியாமல் இருப்பதற்காகச் சில பத்து அடிகள் மட்டும் கேசிங் பைப் இறக்குவார்கள். அதன் பிறகு கெட்டிப்பாறை வந்துவிடும். கம்ப்ரஸர் வண்டியின் சுத்தியல் அதை இடித்துப் பொடியாக்க, காற்றோடு வெண்சாம்பல் நிறத் தூள் பீறிட்டு வெளியே வரும். பல நூறு அடி ஆழம் போனாலும் குழி தானாகவே நிற்கும். கிழக்கே வந்தால் வண்டியே மாறிவிடுகிறது. களிக்குழம்பைக் குழிக்குள் சுழலவிட்டுக்கொண்டே துளைக்கும் ரோட்டரி வண்டி வரும். மேலே வருவதோ ஈர மணலும், சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமான களிக்கட்டிகளும். ஆழம் முழுவதற்கும் பைப் இறக்கி, தண்ணீர் தரும் மணல் அடுக்குக்கு நேராகத் துளையிட்ட பைப் வைத்து, சுற்றிலும் சிறு கூழாங்கல் கொட்ட வேண்டும். வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சார், ரோட்டுக்கு அந்தப் பக்கம்னா கேசிங் முப்பது நாப்பது அடியில நின்னுரும். இந்தப் பக்கம்னா கடைசி வரைக்கும் பைப்பு போகணும், இல்லன்னா காலையில வந்து பாத்தா குழி மூடிக்கிட்டு நிக்கும்." எந்த நிலவியல் வரைபடத்தையும் பார்க்காமல், தம் தொழில் அனுபவத்தால் மட்டுமே அவர் அந்த எல்லையைத் தெரிந்துவைத்திருக்கிறார்.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைக்கும் முதல் ஆய்வு இதுதான். உங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் போர் போட்ட வீடுகளில், "கேசிங் எத்தனை அடி இறக்கினீர்கள், பாறை எத்தனை அடியில் வந்தது, என்ன நிறத்தில் தூள் வந்தது" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செலவு செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் நினைவில் இருக்கும். கைபேசியில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். பாறை எந்த ஊரில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது என்பது மெல்ல மெல்லத் துலங்கும். இது பொழுதுபோக்கு வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிலத்தடி நீர் ஆய்வில் நாங்கள் செய்வதும் அடிப்படையில் இதேதான், கருவிகள் மட்டும் கூடுதல்.

இனி அந்தக் கெட்டிப்பாறைக்கு வருகிறேன். நம் பக்கம் மலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரையைச் சுற்றியுள்ள பெரும்பரப்பின் பாறைகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பல ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், சில இடங்களில் 900 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியவை என்று கண்டிருக்கிறார்கள். நிலத்துண்டுகள் மோதி மலைத்தொடர் எழும்போதுதான் அதன் அடியில் அப்படிப்பட்ட அழுத்தமும் வெப்பமும் உண்டாகின்றன. அன்று மடகாஸ்கர் நமக்குப் பக்கத்து நிலம். இங்குள்ள பாறைகளுக்கு இணையானவை அங்கும் இருக்கின்றன. மேலே இருந்த மலை கோடிக்கணக்கான ஆண்டு மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போக, அதன் வேர் இன்று நம் காலடியில் தெரிகிறது. இந்த வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றால், பாறைக்குள் இருக்கும் சிர்க்கான் என்னும் நுண்ணிய படிகத்தில் யுரேனியம் சிதைந்து எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். ஆகவே, மலை ஆய்வு என்றால் இமயமலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. இமயத்தில் இன்று ஆழத்தில் நடந்துகொண்டிருப்பது என்னவென்று அறிய விரும்புகிறவர்கள், தேய்ந்துபோன பழைய மலைகளின் அடிப்பகுதியைத்தான் தேடி வருகிறார்கள்.

கிழக்கே அதன் மேல் படிந்தவற்றின் கதை வேறு. இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானா நிலம் பிளக்கத் தொடங்கியபோது நம் கிழக்குக் கரை நெடுகப் பள்ளங்கள் உண்டாயின. அவற்றில் ஒன்றுதான் காவிரிப் படுகை. அந்தப் பள்ளத்தில் முதன்முதலில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த படிவுகளில் ஒரு தொகுதிக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே சிவகங்கை. உலகத்துப் படுகை ஆய்வுக் கட்டுரைகளில் நம் மாவட்டத் தலைநகரின் பெயர் இப்படி அடிக்கடி வருவது நம்மில் பலருக்குத் தெரியாது. இதே காலத்தை ஒட்டிய படிவுகளான பெரம்பலூர் பக்கத்துத் தெரணிக் களிமண்ணில், அன்றைய செடிகளின் இலைத்தடங்கள் கிடைத்திருக்கின்றன. அதன் பிறகு கடல் உள்ளே வந்து, இன்றைய அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளை மூடி நின்றது. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் பிற கடலுயிரிகளும் அங்கே ஏராளமாகப் புதைந்தன. 1860களிலேயே ஸ்டோலிக்ஸ்கா என்னும் அறிஞர் அவற்றை விரிவாக விவரிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் செட்டிநாட்டின் பாடநூல் என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், நான் செம்புறாங்கல்லைத்தான் சொல்வேன். சுற்றுச்சுவர், கிணற்றுச்சுவர், பழைய கோட்டை மதில், ஊரணிக் கரை என்று நாம் தினமும் கடந்துபோகும் அந்தச் சிவப்புக்கல்லை, காரை பெயர்ந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். புதிதாக உடைந்த முகத்தில் விரல் நுனி நுழையும் அளவுக்குப் புழைகள் இருக்கும். புழையின் உட்சுவர் பளபளப்பான பழுப்பு நிறத் தோல் போர்த்தியிருக்கும். இடையிடையே மஞ்சளும், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும் வெள்ளைக் களியும் தென்படும். கை லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிவப்புக்குள் கண்ணாடித் துணுக்குப் போன்ற மணற்பரல்கள் மாட்டிக்கொண்டிருப்பது தெரியும். நனைவதும் காய்வதுமாக மாறி மாறி வரும் வெப்பமான பருவநிலையில், மழைநீர் கல்லிலிருந்து கரையக்கூடியதை எல்லாம் நெடுங்காலம் கரைத்துக் கொண்டுபோய்விட, இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கி இறுகியதன் விளைவு இது. சிவப்பு ஹேமடைட் என்னும் கனிமத்தால் வருகிறது, மஞ்சள் கோதைட்டால் வருகிறது. பூமிக்குள் இருக்கும்போது மண்வெட்டிக்கே இடம் கொடுக்கும் இந்தக் கல், வெட்டி வெளியே போட்டுக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். கேரளத்து அங்காடிப்புரத்தில் இந்தத் தன்மையைக் கவனித்த பிரான்சிஸ் புக்கானன் 1807இல் அதைப் பற்றி எழுதி, இந்தக் கல் வகையை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். நம் பக்கத்தில் கல் வெட்டும் தொழிலாளிகளுக்கு அது அதற்கு முன்பே தெரிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

செம்புறாங்கல்லுக்கு வயது சொல்வது கடினம். அதில் பொதுவாகப் புதைபடிவம் இருக்காது. உருவானது ஒரே நாளிலும் அல்ல. அதனால் அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் உருவானபோது பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அதை அவை பதிந்து வைத்திருப்பதைக் கொண்டு வயதை மதிப்பிட முயன்றிருக்கிறார்கள். இந்தியா வடக்கே நகர்ந்துகொண்டே வந்ததால், கல் எந்த அட்சரேகையில் இருந்தபோது இறுகியது என்று கேட்க முடிகிறது. இது என்னை இன்றும் வியக்க வைக்கும் முறை. தொல்லியலுக்கும் இந்தக் கல் முக்கியமானது. 1863இல் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த பழங்கற்காலக் கருவி, செம்புறாங்கல் சரளை வெட்டிய குழியிலிருந்து கிடைத்ததே. அதே ஃபூட்தான் சிவகங்கைச் சீமையையும் உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டத்தின் நிலவியலை ஆராய்ந்து 1883இல் அறிக்கை வெளியிட்டவர். நம் ஊர்ச் சரளைக் குழிகளில் கால் வைக்கும்போதெல்லாம் தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

குகையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிள்ளையார்பட்டி, குன்றக்குடிக் குடைவரைகள் மனிதர் உளியால் குடைந்தவை. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் இயற்கையான குகைத்தளம்; அதில் படுக்கைகளை மட்டும் செதுக்கிச் செப்பனிட்டிருக்கிறார்கள். கருங்கல் நீரில் சுண்ணாம்புக்கல்லைப் போல் கரையாது என்பதால் இங்கெல்லாம், சொட்டும் நீரில் கரைந்துவந்த சுண்ணாம்பு படிந்து வளரும் கசிவுநீர்க் கூம்புகள் உண்டாவதில்லை. அத்தகைய கூம்புகள்தான் பழைய பருவமழையின் பதிவேடு. மேகாலயாவின் மாவ்ம்லு குகையில் வளர்ந்த ஒரு கூம்பில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் மழை குறைந்ததன் தடயம் கிடைத்தது. அதை அடிப்படையாக வைத்து, நாம் வாழும் காலப்பகுதிக்கே 2018இல் மேகாலயன் என்று பெயர் சூட்டினார்கள். நம்மிடம் அந்த வசதி இல்லை. ஆனால் கண்மாயும் ஊரணியும் ஆண்டுதோறும் வண்டலைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. தூர் வாராத மூலை ஏதேனும் அகப்பட்டால் அந்த வண்டலிலும், அந்தந்தக் காலத்துச் செடிகொடிகளைக் காட்டும் மகரந்தத் துகள்களைத் தேடலாம். இந்த வேலைக்கு ஆள் தேவை.

சிவகங்கைக்குப் பக்கத்தில் கிராஃபைட் வெட்டி எடுக்கப்படுவதை நீங்கள் அறிந்திருக்கலாம். தமிழ்நாடு கனிம நிறுவனம் அதைச் செய்கிறது. இத்தகைய உருமாறிய பாறைகளில் உள்ள செதில் கிராஃபைட், பழைய சேற்றில் கலந்திருந்த உயிர்ப்பொருளின் கரியிலிருந்தும் வரலாம், ஆழத்திலிருந்து ஏறிவந்த வாயுக்களிலிருந்தும் வரலாம். எது என்பதைக் கரிம ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்து ஆராய்கிறார்கள். லித்தியம் அயான் மின்கலத்தின் எதிர்மின்முனை பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது என்பதையும், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் மின்கல ஆராய்ச்சி நடப்பதையும் சேர்த்து யோசித்தால், பாறையும் ஆய்வுக்கூடமும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருப்பது உங்களுக்கு ஊக்கம் தர வேண்டும்.

முறையாகப் படிக்க விரும்பினால், திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நிலவியல் துறை உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் சேர மத்தியத் தேர்வாணையம் தனித் தேர்வு நடத்துகிறது. விடுமுறையில் இரண்டு இடங்களை அவசியம் பாருங்கள். ஒன்று பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட, 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிவிட்ட அடிமரம் அங்கே கிடக்கிறது. மற்றது விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான அந்தக் கல்மரங்கள் இருப்பது கடலூர் மணற்பாறையில். காரைக்குடிப் பக்கம் செம்புறாங்கல்லுக்கு அடியில் தண்ணீர் தரும் மணற்பாறையையும் அதே தொகுதியோடுதான் சேர்த்துப் பேசுகிறார்கள். இவை பாதுகாக்கப்பட்ட இடங்கள் என்பதால் ஒரு சிறு துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது.

எங்கே எதைப் பார்த்தாலும் உடனே பதிவு செய்யுங்கள். அரியலூர்ப் பகுதிக் கள்ளமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் புருகத்காயோசாரஸ் என்னும் மிகப் பெரிய டைனோசர் விவரிக்கப்பட்டது. அந்த எலும்புகள் பின்னர் உதிர்ந்து அழிந்துவிட்டன. சில வரைபடங்களும் பழைய புகைப்படங்களும் மட்டுமே மிஞ்சியிருப்பதால், அந்த விலங்கு உண்மையில் எவ்வளவு பெரியது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆகவே படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மேலும் கீழும் என்ன இருக்கிறது, எந்த நிலத்தில் எந்தக் கிணற்றில் பார்த்தீர்கள் என்பதை அங்கேயே நின்று நோட்டில் எழுதிவிடுங்கள். போர்வெல் விவரம் சேர்க்கத் தொடங்கியதும் அந்தப் பட்டியலைக் கருத்துரையில் இடுங்கள். என்னிடம் உள்ள ஆழக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.