ஸ்பூல்கள் முதலில்

அன்புள்ள சார்,

அப்பா போய் எட்டு மாதமாகிறது. அவர் அறையில் ஒரு கேரார்ட் 301 ரெக்கார்ட் ப்ளேயர், குவாட் 2 வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் இரண்டு, பெரிய ஸ்பீக்கர் ஜோடி, ரெவாக்ஸ் ஏ77 ஸ்பூல் டேப் ரெக்கார்டர், டேப் சுற்றிய நாற்பது ஸ்பூல்கள் எல்லாம் இருக்கின்றன. பத்து வருடமாக எதுவும் ஓடவில்லை. மொத்தமாக எடுத்துக்கொள்வதாக ஒருவர் கேட்கிறார். அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எதையும் ப்ளக்கில் செருகிப் பார்த்துவிடாதீர்கள். பார்க்கத்தான் கை துடிக்கும், எனக்கும் தெரியும். சும்மா கிடந்த வால்வு ஆம்ப்ளிஃபயரில் கெப்பாசிட்டர்கள் கெட்டிருக்கலாம். திடீரென்று முழு மின்சாரம் பாய்ந்தால் அவை ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடக்கூடும். கெப்பாசிட்டரை மாற்றிவிடலாம், அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது? மூடியைத் திறந்தும் பார்க்க வேண்டாம். வால்வு வேலை தெரிந்த மெக்கானிக் வரட்டும்.

உங்கள் பட்டியலில் கடைசியாக வந்த ஸ்பூல்களைத்தான் நான் முதலில் எடுப்பேன். கேரார்ட் 301 1950-களில் வந்தது, ஆயிரக்கணக்கில் செய்தார்கள், இன்றும் தேடி வாங்குகிறார்கள். அந்த நாற்பது ஸ்பூல்களில் இருப்பது வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். ஸ்பூல் மெஷின் வைத்திருந்தவர்கள் ரேடியோவை மட்டுமா பதிந்தார்கள்? மைக்கை நடுவில் வைத்து வீட்டுப் பேச்சையும் பதிந்தார்கள். எங்கள் வீட்டில் மெஷினோடு சேர்த்து டேப்புகளையும் கொடுத்துவிட்டோம். அதில் ஒன்றில் அத்தை பாடியது இருந்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இன்றுவரை ஆறவில்லை.

பெட்டிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் மாதிரி புளித்த வாடை வந்தால் அது பழைய அசிடேட் டேப், சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். 1970, 80-களின் சில டேப்புகளில் வேறு கோளாறு. உள்ளே இருக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கீச்சென்று சத்தம் வரும், பழுப்புப் பூச்சு உரிந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். பூச்சு போனால் குரலும் போயிற்று. இதில் பழகியவர்கள் அவற்றை 50 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பல மணி நேரம் சூடாக்கி உலர்த்தி, டிஜிட்டலுக்கு மாற்றிக்கொடுப்பார்கள். வீட்டில் முயல வேண்டாம்.

அதுவரை ரெவாக்ஸையும் விற்க வேண்டாம். பதிந்த மெஷினிலேயே ஓட்டினால் ஹெட்டின் சாய்வு ஒத்துப்போகும், குரல் தெளிவாக வரும்.

மற்றதில் எனக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. மொத்தமாகக் கேட்பவரின் கண் பெரும்பாலும் கேரார்டின் மேல்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக விலை கேளுங்கள். நீங்கள் இசைத்தட்டு கேட்பவர் என்றால் அதையும் ஆம்ப்ளிஃபயர்களையும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்க மாட்டீர்கள் என்றால் தினமும் ஓட்டக்கூடிய ஒருவருக்குக் கொடுங்கள், அதில் அப்பாவுக்குக் குறைவில்லை. எடுத்துப்போகும்போது சுழலும் தட்டை மட்டும் கழற்றித் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். தட்டோடு போனால் குலுங்கி பேரிங் அடிபடும்.

சரி, அண்ணனிடம் மூன்று மாதம் கேளுங்கள். ஸ்பூல் பெட்டிகளில் அப்பா ஏதாவது எழுதியிருப்பார். இந்த வாரமே இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். அவர் சுருக்கி எழுதியது உங்களுக்குப் புரியாவிட்டாலும் அண்ணனுக்குப் புரியும்.