ராணுவத்துல ஒழுக்கமும் நேர்மையும் வளர என்ன செய்யணும்?

மகன் என்எஸ் (சிங்கப்பூர்ல பசங்க செய்யற கட்டாய ராணுவ சேவை) போகப் போறான், போஸ்டர்ல இருக்கற வேல்யூஸ் எல்லாம் நிஜமாவே வேலைக்கு ஆகுமான்னு கேட்டிருக்கீங்க. போஸ்டரால மட்டும் ஒண்ணும் ஆகாதுங்க. சிங்கப்பூர் ஆயுதப்படைக்கு 8 கோர் வேல்யூஸ் இருக்கு, அதுல எத்திக்ஸும் ஒண்ணு, சேஃப்டியும் ஒண்ணு, பசங்க மனப்பாடமா சொல்லிடுவாங்க, அது பெரிய விஷயமே இல்ல.

ஷூட்டிங் ரேஞ்ச்ல பாருங்க, சுட்டு முடிச்சதும் ஒவ்வொருத்தனும் பாக்கெட், பௌச் எல்லாம் தடவிப் பாத்துட்டு எங்கிட்ட குண்டோ காலி தோட்டாவோ எதுவும் இல்லன்னு வாய்விட்டு சொல்லணும். அப்புறமா ஒருத்தன் பௌச்ல ஒண்ணு கிடந்து அவனே போய்ச் சொன்னா சார்ஜன்ட் என்ன பண்றாரு, அதத்தான் மொத்த செக்‌ஷனும் கவனிக்கும். எல்லார் முன்னாடியும் கத்தி அசிங்கப்படுத்தினா அடுத்தவன் சத்தமில்லாம எங்கயாவது தூக்கிப் போட்டுடுவான், அவ்ளோதான் உங்க எத்திக்ஸ். எல்லாமே சார்ஜன்ட், பிளட்டூன் கமாண்டர் லெவல்ல முடிவாகுது, அவங்கள்லயும் நிறைய பேர் 20 வயசு என்எஸ் பசங்கதான்ங்கறத மறந்துடறோம்.

ரெண்டாவது, தப்ப விசாரிக்கறவங்க அந்த யூனிட்டுக்குள்ளயே இருக்கக் கூடாது. 2019 ஜனவரில நியூசிலாந்து பயிற்சில நடிகர் அலோய்சியஸ் பாங் அடிபட்டு இறந்தப்புறம், பாதுகாப்ப தனியா சோதிச்சு நேரா படைத்தலைவர்கிட்டயே ரிப்போர்ட் பண்ண இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீஸ் வந்துச்சு. நல்ல ஏற்பாடுதான்.

பதவி உயர்வும் இருக்கு. ரிசல்ட் மட்டும் காட்டறவருக்கே மேல மேல கொடுத்தா கீழ இருக்கறவனும் ரிப்போர்ட்ட அழகா எழுதத்தான் கத்துக்குவான். மகன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க, தப்பான ஆர்டர்னு தோணினா மரியாதையா "சார், இது சேஃப்பா?"ன்னு கேட்கலாம், அதுக்குப் பேரு எதிர்த்துப் பேசறது இல்ல.