தலையணையிலிருந்து பார்க்கும் சுவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையில் 12 கட்டில் கொண்ட பெண்கள் வார்டு இருக்கிறது. குழந்தைகள் வார்டில் யானை, மயில் எல்லாம் வரைந்திருக்கிறார்கள். பெரியவர்கள் வார்டு மட்டும் அழுக்கு வெள்ளை. பெயின்ட் அடிக்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது. சுற்றிலும் நல்ல மஞ்சள் அடித்து, ஒரு சுவரில் ஓவியம் வரைய நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

கலர் அட்டையைப் பிரிக்கும் முன் காலிக் கட்டில் ஒன்றில் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். நிற்பவர் கண்மட்டத்தில் மாட்டிய படத்தை, படுத்திருப்பவருக்குக் கட்டிலின் கால்பக்கத் தட்டியும் சாப்பாட்டு மேசையும் மறைத்துவிடும். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலிலிருந்து பார்வை விழுவது எதிர்ச்சுவரில் ஐந்தடிக்கு மேல். மல்லாந்து கிடப்பவருக்குக் கூரைதான் உலகம். பின்லாந்தில் 1933இல் திறந்த பைமியோ காசநோய் மருத்துவமனையில் அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர்நிறம் கொடுத்தார், விளக்கை நோயாளியின் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். உங்கள் கூரையிலும் நிறம் அடியுங்கள், ஓவியம் வேண்டாம். சுழலும் ஃபேனுக்கு மேலே உள்ள படம் நாள் முழுக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். குமட்டல் உள்ளவருக்கு அது வதை.

மஞ்சளைக் கட்டிலருகே கொண்டுவராதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தோலில் விழுகிறது. மஞ்சள் சுவரோரம் காமாலையைக் கண்டுபிடிப்பது கடினம். பச்சை, நீலத் திரைகள் நல்ல உடம்பையும் வெளிறியதாகக் காட்டும். தலைமாட்டுச் சுவரும் திரையும் வெளிர் சாம்பல் அல்லது பால்வெள்ளையாக இருக்கட்டும். நிறத்தையெல்லாம் எதிர்ச்சுவருக்குக் கொடுங்கள்.

அங்கே என்ன வரைவது? அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடும் வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். ஆகவே மரம், ஆற்றங்கரை, தோப்பு. பெரியவர்கள் ஒரே படத்தை நாள்கணக்கில் பார்ப்பவர்கள். தேடிப் பார்க்க அதில் ஏதாவது இருக்க வேண்டும், கிளைக்குள் ஒரு கூடு, படித்துறையில் ஒரு குடம் என்று. அஸ்தமனச் சூரியன் வேண்டாம், பட்ட மரமும் வேண்டாம். படுத்திருப்பவர் மனம் அதற்கு வேறு பொருள் சொல்லும். நெருக்கமான புள்ளிக் கோலங்களையும் தவிர்த்துவிடுங்கள். காய்ச்சலில் புத்தி தடுமாறும்போது அவை பூச்சியாய் ஊரும். தரையில் கருப்புக் கட்டம் போட்டால் பார்வை மங்கிய பாட்டிக்கு அது பள்ளம். தாண்டப் போய் விழுவார்.

வயதான கண்ணின் வில்லை மஞ்சளாகிவிடுவதால் வெளிர்நீலமும் வெளிர்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். நிறத்தைவிட வெளிச்ச வேறுபாடுதான் அவர்களுக்கு உதவும். கழிப்பறைக் கதவை மட்டும் அடர்நீலமாக அடித்து, சுற்றுச்சுவரை வெளுப்பாக விடுங்கள். நடு இரவில் அது வழிகாட்டும்.

பெயின்ட் விஷயம். முதலில் சுவரின் ஓதத்தைச் சரிசெய்யுங்கள். உப்புப் பூத்த சுவரில் எந்த ஓவியமும் ஒரு மழைக்காலம் தாங்காது. புதுப்பூச்சு என்றால் 28 நாள் காயவிடுங்கள். தரையிலிருந்து நாலடி வரை கிருமிநாசினி போட்டுத் துடைப்பார்கள். சாதாரண மேட் எமல்ஷன் அங்கே திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். அந்தப் பட்டைக்கு இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் கோட்டிங் வாங்குங்கள். எபாக்சி உறுதியானதுதான், ஆனால் வெயில் படும் சுவரில் மஞ்சளாகிவிடும். அதற்கு மேலே வாடை குறைந்த எமல்ஷன் போதும்: 120 சதுர அடிப் பரப்புக்கு இரண்டு கோட், ஏறக்குறைய 2 லிட்டர். நோயாளிகளை வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள். அடித்த பிறகும் வாடை போகும்வரை வார்டைத் திறக்க வேண்டாம். முடிவெடுக்கும் முன் இரண்டடிச் சதுரம் அடித்துப் பகலிலும், இரவு டியூப்லைட்டிலும் பாருங்கள்.

ஸ்ட்ரெச்சர் இடித்துச் சுவர் பெயரும். ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர் எடுத்து, டப்பாவில் ஷேடு எண்ணும் தேதியும் எழுதி, தலைமை நர்ஸிடம் கொடுத்துவையுங்கள்.